டக்ட் டேப் போதுமா? சின்னப் பாய்ப்படகில் உடைந்ததைக் கட்டி ஓட்டுவது

கேள்வி, ஜனவரி 11

எங்களிடம் இருப்பது பழைய என்டர்பிரைஸ், இரண்டு பேர் ஓட்டுகிற படகு. போன வாரம் டில்லரின் (சுக்கானைத் திருப்புகிற கைப்பிடி) முனையில் மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் குழாயின் ரப்பர் மூட்டு கடலில் வைத்து அறுந்துவிட்டது. டக்ட் டேப் சுற்றினோம், ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. பையில் ஒரு டக்ட் டேப் இருந்தால் எதையும் ஒட்டிக் கரை சேரலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் சுற்றிய விதம் தப்பா, டேப் மட்டமா?

ஜனவரி 11, இரவு

டேப் மட்டமில்லை, சுற்றியதும் தப்பில்லை. கடல் தண்ணீர் பட்டுக் காய்ந்து மறுபடி நனைந்த அலுமினியத்தில் எந்த டேப்பும் நிற்காது. பசை உப்பைத்தான் பிடிக்கும், உப்பு குழாயைப் பிடிக்காது. அதுவும் எக்ஸ்டென்ஷன் மூட்டு எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டிய இடம். அங்கே டேப் சுற்றினால் ஒன்று மூட்டு திரும்பாது, இல்லையென்றால் டேப் உரிந்துவிடும்.

அந்த இடத்துக்குக் கயிறுதான் சரி. 3 மில்லிமீட்டர் கயிறு இரண்டு மூன்று முழம் எடுங்கள். டில்லர் முனையில் பழைய மூட்டு பூட்டியிருந்த துளை இருக்கும். எக்ஸ்டென்ஷன் குழாயின் முனையில் எதிரெதிராக இரண்டு துளை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே கயிற்றை மாற்றி மாற்றி நாலு தடவை ஓட்டி, ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். மிச்சக் கயிற்றை அந்த இடைவெளியில் தெரிகிற இழைகளின் மேலேயே நெருக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இடைவெளி கூடினால் எக்ஸ்டென்ஷன் துவளும், நீங்கள் தள்ளுவது சுக்கானுக்குப் போய்ச் சேராது. குறைந்தால் திரும்பாது.

தோட்டத்து ஹோஸில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முடுக்குகிறவர்களும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது கரையில் உட்கார்ந்து செய்கிற வேலை.

ஜனவரி 12, காலை

இன்னொன்று. எக்ஸ்டென்ஷன் போனால் அதைக் கடலிலேயே சரிசெய்தாக வேண்டும் என்று யார் சொன்னது? உள்ளே நகர்ந்து உட்கார்ந்து டில்லரைக் கையால் பிடித்து ஓட்டலாமே. வெளியே தொங்கிச் சாய முடியாது, அதனால் பெரிய பாயைத் தளர்த்தி மெதுவாக வர வேண்டும். அவ்வளவுதான் நஷ்டம்.

எதால் கட்டுவது என்பதற்கு முன்னால், அந்த இடத்தின் மேல் விழுகிற பாரத்தை எப்படிக் குறைப்பது என்று பார்க்க வேண்டும். பாரம் குறைந்தால் பாதி நேரம் கட்டவே வேண்டியிருக்காது.

ஜனவரி 12, மாலை

டேப்பைத் திட்டுகிறேன் என்று ஒருவர் கோபப்படுகிறார். நானும் ஒரு சுருள் வைத்திருக்கிறேன். உடைந்த பிறகு ஒட்ட அல்ல, உடையாமல் இருக்க. பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கிற ஷ்ரவுட் கம்பியை மாட்டுகிற பின்னில் சின்ன வளையம் இருக்குமே, அது பாயை இழுக்கிற ஷீட் கயிறு உரசி உரசியே ஒரு நாள் கழன்று போகும். அதன் மேல் கரையிலேயே, காய்ந்த உலோகத்தில் இரண்டு சுற்று டேப். வளையமே தொலைந்துவிட்டதா? சாவிக்கொத்து வளையத்தைக் கழற்றி மாட்டுங்கள், அளவு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைப்பது உங்கள் பொறுப்பு.

பாய் கிழிந்தால் பாய்க்கென்றே விற்கிற பசைத்துணி வேண்டும். குடிக்கிற தண்ணீரால் உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனால் ஒரு தடவை துடைத்து, இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை காற்றில் முதலில் கிளம்பும், அங்கிருந்து முழுத் துண்டும் வந்துவிடும். பல் இடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூலும் தடித்த ஊசியும் இருந்தால் ஓரத்தைத் தைத்தும் விடலாம். ஃப்ளாஸ் அறுவது லேசில் நடக்காது.

ஜனவரி 14

"பாரத்தைக் குறைப்பதா, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். நடந்ததையே சொல்கிறேன்.

சென்னைத் துறைமுகச் சுவருக்கு வெளியே, மத்தியானக் கடல்காற்று நன்றாக ஏறிவிட்ட நேரம். எங்கள் படகும் என்டர்பிரைஸ்தான். நான் டில்லரில், நண்பன் முன்பாயில். காற்று வருகிற பக்கத்து ஷ்ரவுட் கீழ்ப் பக்கம் படாரென்று விட்டது. பாய்மரம் மறுபக்கம் சாய ஆரம்பித்தது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் கயிறு தேடினால் மரம் போய்விடும். டில்லரைத் தள்ளி உடனே டாக் செய்தேன், அதாவது மூக்கு காற்றைக் கடந்து மறுபக்கம் போகும்படி படகைத் திருப்பினேன். காற்று மறுபக்கம் வந்தது, பாரம் முழுக்க நல்ல கம்பிக்குப் போனது, மரம் நிமிர்ந்து நின்றுவிட்டது. கழன்ற கம்பி காற்றுக்கு அடியில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

அப்புறம் நிதானமாகப் பெரிய பாயை இறக்கினோம். கம்பி நடுவில் அறவில்லை, கீழே மாட்டுகிற பின் கழன்று தண்ணீரில் போயிருந்தது. கம்பியின் கண்ணியிலிருந்து படகின் இரும்புப் பட்டைக்கு 4 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிற்றை மேலும் கீழுமாக ஆறு ஏழு தடவை ஓட்டி இறுக்கினோம். ஒவ்வொரு சுற்றும் கப்பி மாதிரி இழுவையைக் கூட்டித் தரும், கைபலத்திலேயே கம்பி விறைத்துக்கொள்ளும். முன்பாயோடு மட்டும் திரும்பினோம்.

கிளப்பில் படகு ஏற்றி இறக்குகிற அண்ணன் காசிமேட்டுக்காரர். கட்டைத் தடவிப் பார்த்தார். "கட்டு நல்லாத்தான் கீது தம்பி. நாளைக்கும் இத்தோட போயிடாத" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே புதுப் பின் மாட்டிவிட்டோம். அவர் சொல்லியிருக்காவிட்டால் மறுநாளும் அதோடு போயிருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) 14 நாட் ஆனாலே பாயின் மேல் விழுவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கரையில் கையால் இழுத்துப் பார்த்து "நல்லா நிக்குது" என்கிற கட்டு, காற்று கொஞ்சம் ஏறியதும் என்ன ஆகும் என்று கையால் கண்டுபிடிக்க முடியாது. கட்டின் பலத்தை உங்களால் இரண்டு மடங்காக்க முடியாது, பாயைப் பாதியாக்க முடியும்.

ஜனவரி 15

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. எந்தக் கம்பி போனது என்பதைப் பொறுத்து எந்தப் பக்கம் திருப்புவது என்பது மாறும். பக்கக் கம்பி போனால் டாக். முன்கம்பி போனால் உடனே காற்றோடு ஓடுங்கள், காற்றே மரத்தை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், பின்னால் விழாது. பின்கம்பி இருக்கிற படகில் அது போனால் நேர் எதிர்: காற்றுக்கு எதிரே திருப்பி, பெரிய பாயின் ஷீட்டை இறுக்குங்கள், பாயின் பின் ஓரமே தற்காலிகப் பின்கம்பி. இதைக் கரையில் வைத்து நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும். யோசித்துச் செய்ய அங்கே நேரம் இருக்காது.

கம்பி அறுவது பெரும்பாலும் முனையில், குழலுக்குள் நசுக்கிப் பிடித்திருக்கிற இடத்தில். ஒரு இழை முதலில் போகும், மற்றவை பின்னால் வரும். மாதம் ஒரு தடவை டிஷ்யூ காகிதத்தைக் கம்பி நெடுக இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே இழை போயிருக்கிறது. விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். ரத்தம் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

ஜனவரி 19

பூம் (பெரிய பாயின் அடி ஓரத்தைப் பிடிக்கிற கிடைக்கட்டை) மடங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு: புத்தூர் கட்டு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முறிந்த கைக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிற அதே வேலைதான். மடங்கிய இடத்தை நேராக்கி, சுற்றிலும் மூன்று நாலு மூங்கில் பட்டையோ பழைய துடுப்புக் கட்டையோ வைத்துக் கட்ட வேண்டும். ஒரே பக்கம் ஒரு கட்டை வைத்தால் எதிர்ப்பக்கம் மடங்கும். சிம்பு முறிவுக்கு இரண்டு பக்கமும் நீளமாகப் போக வேண்டும், பூமின் தடிமனைப் போல ஐந்தாறு மடங்காவது. முறிவின் மேலேயே கட்டுப் போட்டு வீணாக்காதீர்கள். சிம்பின் இரண்டு முனையிலும்தான் நல்ல கட்டு வேண்டும், வேலை நடப்பது அங்கே.

கட்ட எனக்குப் பிடித்தது சைக்கிள் டியூப். நீளவாக்கில் இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டிச் சுருட்டி வைத்திருப்பேன். இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் அடியில் இருப்பதை அமுக்கும். ஈரம், உப்பு, எண்ணெய் எதுவும் பிரச்சினை இல்லை. கடைசி முனையை முந்தின சுற்றுக்கு அடியில் செருகி இழுத்தால் முடிச்சே வேண்டாம். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

கட்டிய பிறகு பூமை அடியிலிருந்து கீழே இழுக்கிற கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். பூமை வளைப்பதே அந்த இழுவைதான், அதை விட்டுவிட்டு சிம்பை மட்டும் நம்பாதீர்கள்.

ஜனவரி 20

"எந்தக் கயிறு?"

நைலான் வேண்டாம். நனைந்தால் இளகும், இழுத்தால் நீளும். நங்கூரத்துக்கும் இழுவைக்கும் அந்த நீட்சி நல்லது, கட்டுவதற்கு ஆகாது. தேங்காய் நாரும் சணலும் நனைந்தால் இறுகும், பழைய காலத்துக் கட்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம், ஆனால் ஈரத்தோடு விட்டால் உள்ளே மக்கும். பச்சை, நீல பாலிப்ரொப்பிலீன் மலிவு, மிதக்கும், வெயிலில் பொடிந்துபோகும். முடிச்சும் வழுக்கும். பாலியஸ்டர்தான் நடுவில் நிற்கிறது. டைனீமா இரும்புக் கம்பியைவிட இலேசு, பலம் அதிகம், விலையும் அதிகம், வழுக்கல் சனியன். அதில் சாதா முடிச்சை நம்பாதீர்கள், சுற்றுகளைக் கூட்டுங்கள்.

முனை பிரியாமல் இருக்க ஃபெவிக்விக் ஒரு சொட்டு. ஃபெவிக்விக்குக்குப் படகில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் எனக்குத் தெரியாது.

ஜனவரி 23

அடுத்தது எம்-சீல் கோஷ்டி. பழுதுப் பெட்டியில் அது இருக்கட்டும், கரைக்கு வந்த பிறகு. சாதாரண எம்-சீல் கெட்டியாகவே ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும். சாதாரண அரால்டைட் முழு பலத்துக்கு வர ஒரு நாள். அதுவரை அலை உங்களுக்காகக் காத்திருக்காது. ஓட்டை அடைக்கவும் கீறலை மூடவும் சரி, இழுவை விழுகிற இடத்தில் வேண்டாம்.

வேறு வழியே இல்லாதவர்களும் இருந்திருக்கிறார்கள். தனியாளாக உலகத்தைச் சுற்றுகிற 2000-01 வாண்டே குளோப் பாய்ப்படகுப் போட்டியில் ஈவ் பார்லியேயின் கார்பன் பாய்மரம் முறிந்தது. உதவி வாங்கினால் போட்டியிலிருந்து நீக்கம். நியூசிலாந்தின் தெற்கே ஸ்டூவர்ட் தீவில் தனியாக நங்கூரமிட்டு, முறிந்த துண்டுகளைச் சேர்த்து எபாக்ஸியில் ஒட்டினார். அந்தக் குளிரில் எபாக்ஸி இறுகாது. மின்விளக்குகளை எரியவிட்டு, அந்தச் சூட்டை மூடிவைத்துப் பசையை வேகவைத்தார். சாப்பாடு தீர்ந்துவர, கடற்பாசி தின்று உலகத்தைச் சுற்றி முடித்தார். நம் ஊர் வெயிலுக்கு விளக்கு வேண்டாம். இங்கே கலக்கி முடிப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடுகிறது, சின்னச் சின்னதாகக் கலக்குங்கள்.

ஜனவரி 24

பேச்சு பெரிய கடலுக்குப் போய்விட்டது, போகட்டும், எனக்கும் பிடித்த இடம்.

நம் நாட்டுப் பாய்ப்படகோட்டி அபிலாஷ் டோமியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். தனியாளாக உலகத்தைச் சுற்றுகிற 2018 கோல்டன் குளோப் போட்டியில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் மரம் முறிந்து, முதுகு உடைந்து, பிரெஞ்சு ரோந்துக் கப்பல் வந்து மீட்டது. மறுபடி 2022-23 போட்டிக்குப் போய் இரண்டாவதாக வந்தார். அந்தப் பயணத்தில் தானாகச் சுக்கான் பிடிக்கிற விண்ட்வேனின் பலகைகள் ஒவ்வொன்றாகப் போக, படகின் கழிவறைக் கதவை அறுத்துப் பலகை செய்துகொண்டார். கதவு இருந்த இடத்தில் அவசரத்துக்குப் பலகை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்ததுதான் அங்கே திறமை, அறுத்தது இல்லை.

ஆனால் எனக்கு எல்லோருக்கும் மேலே, அண்டார்டிக் பயணி ஷாக்கிள்டனின் தச்சர் ஹாரி மக்னிஷ்தான். 1916இல் எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்குச் சுமார் 800 மைல் போன ஜேம்ஸ் கேர்ட், ஏழு மீட்டருக்குள் அடங்குகிற திறந்த படகு. அவர் சறுக்குவண்டிச் சட்டமும் பெட்டி மூடிகளும் வைத்து மேலே தளம் போட்டு, கித்தான் போர்த்தினார். இடுக்குகளை அடைத்தது ஓவியரின் எண்ணெய் வண்ணமும் சீல் ரத்தமும். இன்னொரு படகின் பாய்மரத்தை எடுத்து உள்ளே அடிக்கட்டையோடு சேர்த்துப் பிணைத்தார், அலையின் முதுகில் ஏறும்போது படகு நடுவில் முறியாமல் இருக்க. எது இன்னும் உடையவில்லை, ஆனால் உடையும் என்று முன்கூட்டியே பார்த்த ஆள். கரை தொடும்போது சுக்கான் கழன்று போனது, அப்புறம் அதுவே மிதந்து திரும்பி வந்தது. நமக்கு வாய்க்கிற அதிர்ஷ்டத்துக்குக் கழன்ற போல்ட் கூட மூழ்கித்தான் போகும்.

பிப்ரவரி 2

சுக்கான் போனால்?

முதலில் பாய்களையே சுக்கானாக வையுங்கள். முன்பாயை இறுக்கிப் பெரிய பாயைத் தளர்த்தினால் மூக்கு காற்றை விட்டு விலகும். பெரியதை இறுக்கி முன்பாயை விட்டால் காற்றை நோக்கி வரும். இரண்டு பேரும் நகர்ந்து உட்கார்ந்தாலே படகு திரும்பும்: காற்றுக்கு அடிப்பக்கம் சாய்ந்தால் காற்றை நோக்கி, காற்றுப் பக்கம் சாய்ந்தால் விலகி. நல்ல காற்றுநாளில் சுக்கானைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் பழகுங்கள், நன்றாகச் சிரிப்பு வரும். துடுப்பு இருந்தால் பின்புறத்தில் ஒரு கயிற்று வளையத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொள்ளலாம். வாளியைக் கயிற்றில் கட்டி ஒரு பக்கமாக இழுத்து வந்தால் படகு அந்தப் பக்கம் திரும்பும், மெதுவாக.

சுக்கானைத் தாங்குகிற பின் முறிந்ததைக் கயிற்றால் கட்டலாமா என்பதற்கு: கட்டலாம், ஆனால் இங்கே நான் கயிற்றுக் கட்சி இல்லை. அந்த இடம் ஓயாமல் ஆடும், கயிறு உலோக ஓரத்தில் அறுபடும். அடியில் செருப்பு ரப்பர் வைத்துக் கட்டினால் கரை வரை வரும்.

பிப்ரவரி 3

செருப்பு என்றதும் சிரித்தவர்களுக்கு: ஹவாய் செருப்பு இல்லாத பழுதுப் பெட்டி பெட்டியே இல்லை. வாஷர், திண்டு, உரசல் தடுப்பு எல்லாம் அதுதான். தண்ணீர் வடிகிற ஓட்டையின் மூடி கடலில் தொலைந்த ஒரு நாள், நண்பனின் செருப்புக் குதிகாலைக் கத்தியால் கூம்பாகச் செதுக்கி அடித்து உள்ளே ஏற்றினோம். சொட்டு உள்ளே வரவில்லை. மூடியை விட அது நன்றாக இருந்தது என்பதும், அவன் ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினான் என்பதும் இரண்டும் உண்மை.

பிப்ரவரி 5

"கட்டு என்றாலே தற்காலிகம்தானே, போல்ட்தான் நிரந்தரம்" என்று ஒரு இன்ஜினியர் ஐயா எழுதியிருக்கிறார். சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? துறைமுகம் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் கப்பலுக்கும் மணலுக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது மசூலாப் படகு. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு, ஆணி கிடையாது. அலை தூக்கி மணலில் போடும்போது தையல் நெளிந்து கொடுத்தது, ஆணி அடித்த படகு பிளந்தது. கட்டுமரமும் கட்டுதான், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைத்து மறுநாள் மறுபடி கட்டுவார்கள்.

அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது என்று எழுதி முடித்ததும் தோன்றுகிறது. அந்தக் கட்டுகள் தினமும் கண்பட்ட கட்டுகள். நாம் கட்டிவிட்டு மறந்துபோகிற ஆட்கள்.

போல்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலுமினிய மரத்தில் ஸ்டீல் திருகை அப்படியே முடுக்காதீர்கள். கடல் தண்ணீர் பட்டால் இரண்டும் சேர்ந்து மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் டியூராலாக் மாதிரிப் பசையோ, குறைந்தது ஒரு பிளாஸ்டிக் வாஷரோ வேண்டும்.

பிப்ரவரி 9

லேசர் (ஒரே ஆள் ஓட்டுகிற, பாய்மரம் இரண்டு துண்டாக வருகிற படகு) ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக. மேல் மரத்தின் அலுமினியக் குழாய் மடங்குவது பெரும்பாலும் கீழே பிளாஸ்டிக் கழுத்து இருக்கிற இடத்தில், ரிவெட் துளை வழியாக. மரம் பின்னால் வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். துளை அமுங்குகிற பக்கம் இருந்தால் வெடிப்பு எளிதில் ஆரம்பிக்காது. அதனால் ரிவெட்டைப் பின்னால் பார்த்து வையுங்கள். அல்லது ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, குழாயைத் தலைகீழாக்கி, துளை இல்லாத முனையைக் கீழே கொண்டுவாருங்கள். பலரும் வெடிப்பு வரும் முன்பே இதைச் செய்துவிடுகிறார்கள்.

காற்று மிஞ்சினால் பாயைச் சுருக்க லேசரில் கயிறு எதுவும் இல்லை. ஆனால் பூமைக் கழற்றி, மரத்தையே ஒன்றிரண்டு சுற்றுத் திருப்பினால் பாய் அதன் மேல் சுருண்டுகொள்ளும், அப்புறம் பூமை மாட்டலாம். 7.06 சதுர மீட்டர் பாயோடு பாதி உடைந்த சாமானை வைத்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டியதில்லை.

பிப்ரவரி 16

முதலில் கேட்டவர் படம் போட்டிருக்கிறார். சிவப்புக் கயிற்றில் மூட்டு, அழகாகவே சுற்றியிருக்கிறார். பழைய ரப்பர் மூட்டைவிட நன்றாகத் திரும்புகிறது, இதையே வைத்துக்கொள்ளட்டுமா என்கிறார். வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அறுந்தாலும் படகு கவிழாது, உள்ளே நகர்ந்து உட்காரலாம் என்று ஏற்கெனவே பேசியாயிற்று. ஷ்ரவுட் கட்டு என்றால் அன்றைக்கே அவிழ்த்து எறியச் சொல்லியிருப்பேன். எது அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. துளையின் ஓரத்தை அரத்தால் மழுக்கிவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள், படத்தில் கூராகத் தெரிகிறது.

பிப்ரவரி 17

கேபிள் டை பற்றிக் கேட்டவருக்கு: கறுப்பு வாங்குங்கள். வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். டை விடும்போது சொல்லாமல் கொள்ளாமல் பல் நழுவி ஒரேயடியாக விடும், கயிறு இழை இழையாகப் போய் எச்சரிக்கும். அதனால் பாரம் விழாத இடத்துக்கு மட்டும். வெட்டின முனை பிளேடு மாதிரி இருக்கும், நெயில் கட்டரால் ஒட்ட நறுக்குங்கள், உங்கள் முட்டிக்கும் பாய்க்கும் நல்லது.